ஐந்து அறை ரிவால்வரில் ஒரே ஒரு தோட்டா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கா போய்வந்தவர்கள் லாஸ் வேகஸிலோ டெக்சாஸிலோ துப்பாக்கி சுட்டுப்பார்த்த அனுபவம் தமிழ்ப் பத்திரிகைகளின் பயணப் பக்கங்களில் இப்போது அடிக்கடி வருகிறது. இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டார்கள், வாங்கினார்கள், சுட்டார்கள், கை வலித்தது, படம் எடுத்துக்கொண்டார்கள் என்பதோடு கட்டுரை முடிந்துவிடும். கை ஏன் வலித்தது, சிலருக்கு நெற்றி ஏன் உடைகிறது, எந்த விசாவில் வந்தவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அதில் இருப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியது என்று கேட்பவருக்குச் சுடுதளங்களில் எடுத்துக்கொடுப்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது .44 மேக்னம் ரிவால்வர் (.44 என்பது குண்டின் தோராயமான விட்டம், அங்குலத்தில்; மேக்னம் என்றால் மருந்து கூட்டிய வலுவான தோட்டா). ஐடஹோவில் மாட்டுப்பண்ணை வைத்திருந்த எல்மர் கீத் பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் வெடிமருந்தைக் கூட்டிக் கூட்டிச் சோதித்துவந்தார். அதன் தொடர்ச்சியாக ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் 1955-56-ல் இந்தத் தோட்டாவைக் கொண்டுவந்தன. 1957 முதல் அந்த ரிவால்வருக்கு மாடல் 29 என்று பெயர். 1971-ல் வந்த ஒரு ஹாலிவுட் போலீஸ் படத்துக்குப் பிறகு அதைத் தெரியாதவர்கள் குறைவு. இரண்டாவது டெசர்ட் ஈகிள் பிஸ்டலின் .50 வகை, 1991-ல் விற்பனைக்கு வந்தது. மூன்றாவது, 2003-ல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னம். தோட்டாக்களைச் செருகும் சுழல் உருளையான இதன் சிலிண்டரில் ஆறு அறைக்கு இடமில்லை, ஐந்துதான்.

இவற்றின் வலுவை எண்ணில் சொன்னால்தான் புரியும். .22 தோட்டாவின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 140 ஜூல். இந்தியாவில் உரிமம் பெற்ற பலரிடம் இருக்கும் .32 ரிவால்வர் 200 ஜூலைத் தொடாது. போலீஸ் பயன்படுத்தும் 9 மி.மீ. சுமார் 500. .44 மேக்னம் 1,000 முதல் 1,300 வரை. ஏகே-47 துப்பாக்கியின் தோட்டா சுமார் 2,000 ஜூல்; .500 மேக்னத்தில் 3,000-ஐத் தாண்டும் தோட்டாக்கள் கடையில் கிடைக்கின்றன. அதாவது தோளில் அணைத்துச் சுடும் ராணுவத் துப்பாக்கியைவிட வலுவான ஒன்றை இரண்டு மணிக்கட்டுகள் மட்டுமே தாங்கவேண்டும்.

ஆனால் சுடுபவரை வந்தடைவது இந்த ஆற்றல் அல்ல, அதன் எதிர்வினை. குண்டும் வெடிமருந்து வாயுவும் முன்னே பாயும் உந்தத்தைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால் அது பின்னே வரும் வேகம் கிடைக்கும். 900 கிராம் எடையுள்ள 9 மி.மீ. பிஸ்டலுக்கு இப்படிக் கணக்கிட்டால் பின்னுதைப்பின் ஆற்றல் சுமார் 6 ஜூல் வருகிறது. 1.36 கிலோ எடையுள்ள .44 மேக்னத்துக்கு 25 ஜூல். 2 கிலோ எடையுள்ள நீண்ட குழல் .500-க்கு 60 ஜூலுக்கு மேல். ஒரே தோட்டாவைக் குறைந்த எடைத் துப்பாக்கியில் போட்டால் உதை கூடும். ஆகவே "சின்னதாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது" என்று 700 கிராம் எடையுள்ள .44 மேக்னத்தைத் தேர்ந்தெடுப்பவர் தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொள்கிறார். கடையில் அழகாகத் தெரிவது அதுதான். பத்துத் தோட்டாவுக்குள் திருப்பிக் கொடுக்கப்படுவதும் அதுதான்.

இந்த உதை நேராகப் பின்னே வந்து நிற்பதில்லை. குழல் கைக்கு மேலே இருப்பதால் துப்பாக்கி மணிக்கட்டை அச்சாகக் கொண்டு மேலே சுழல்கிறது. கைப்பிடியைத் தாழ்வாகப் பிடித்தால் சுழற்சி இன்னும் கூடும். பிடித்தவர் மெலிந்தவராக இருந்து, முழங்கைகளை நன்றாக மடித்து முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டால், குழலோ, பின்முனையில் தோட்டாவை அடிக்கும் சுத்தியலோ நெற்றியில் வந்து அடிக்கும். நெற்றியில் தையல் போடவேண்டிவரும் காயங்கள் பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால்தான்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. விசை (டிரிக்கர்) அழுத்தப்பட்டுத் துப்பாக்கி மேலே எழும்போது, அது கையிலிருந்து நழுவுகிறதே என்று சுடுபவரின் கை தன்னையறியாமல் இறுகுகிறது. விரல் விசைமேலேயே இருந்தால் அந்த இறுக்கம் விசையை மறுபடி இழுக்கும். டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் (விசையை இழுத்தாலே சுத்தியலும் பின்னே போய் அடிக்கும் வகை) அது இரண்டாவது தோட்டாவைச் சுடப் போதுமானது. அந்த நொடியில் குழல் கூரையையோ, சுடுபவரின் தலையையோ பார்த்துக்கொண்டிருக்கும். .500 மேக்னத்தை முதல்முறை தொடுகிறவர்களிடம் இது அரிய விபத்தல்ல, எதிர்பார்க்க வேண்டிய விபத்து.

அதற்கான தடுப்பு எளிது, செலவும் கிடையாது. முதல் சில முறை சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டா. மற்ற நான்கு அறைகளும் காலி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரின் சிலிண்டர், பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கோல்ட் ரிவால்வர்கள் கடிகார முள் திசையில். ஆகவே ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில், மேல் அறைக்கு அடுத்து வலப்பக்கம் உள்ள அறையில் தோட்டா இருக்கும்படி மூடினால், முதல் இழுப்பிலேயே அது சுத்தியலுக்கு நேரே வரும். தவறி வேறு அறையில் இருந்தாலும் நட்டமில்லை, வெறும் 'டிக்' ஒலிதான் கேட்கும். டெசர்ட் ஈகிளிலும் அதேபோல மேகசின் என்ற தோட்டாப் பெட்டியில் ஒரு தோட்டா மட்டும். வேண்டாம், முழுசாக நிரப்பிக் கொடுங்கள் என்று வாடிக்கையாளர் வற்புறுத்தினால் மறுக்கும் சுடுதளமே நல்ல சுடுதளம்.

2014 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒரு சுற்றுலாச் சுடுதளத்தில் ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் ஊஸி தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். ஒற்றைத் தோட்டா நிலையில் ஒருமுறை சுட்ட உடனேயே தொடர்சுடு நிலைக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டது. துப்பாக்கி மேலே இடப்பக்கமாக எழும்ப, அருகில் நின்ற பயிற்றுநர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அது ரிவால்வர் அல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான். உதையைத் தாங்க முடியாத கையில் இரண்டாவது தோட்டா இருக்கக் கூடாது.

பிடியைப் பற்றிச் சொல்லவேண்டியது நிறைய. பிஸ்டல் பிடித்துப் பழகியவர்கள் இரு கட்டைவிரல்களையும் முன்னோக்கி, குழலுக்கு இணையாக நீட்டுவார்கள். ரிவால்வரில் இது ஆபத்து. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே 0.1 முதல் 0.25 மி.மீ. வரை ஓர் இடைவெளி எப்போதும் உண்டு. இல்லாவிட்டால் சிலிண்டர் சுற்றாது. சுடும்போது அந்த இடைவெளி வழியாகச் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீறிடும். சாதாரணத் தோட்டாவில் அது கையைச் சுடும். .500 மேக்னத்தின் அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகும் என்பதால், அங்கே கட்டைவிரல் இருந்தால் விரலே போய்விடலாம். சரியான முறை: சுடும் கையை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை கைப்பிடியின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே வைத்து, கட்டைவிரலைக் கீழே மடக்குங்கள். மற்றக் கையின் விரல்கள் அதன்மேல் சுற்றிவரட்டும். இரண்டாவது கட்டைவிரல் முதல் கட்டைவிரலின் நகத்தின்மேல் பூட்டுப்போல் அமரட்டும். இரு கைகளின் எந்தப் பகுதியும் சிலிண்டரின் முன்விளிம்பைத் தாண்டக் கூடாது. பக்கத்தில் நின்று படம் எடுப்பவரும் அந்த இடைவெளிக்கு நேர் பக்கவாட்டில் நிற்கக் கூடாது, பின்னே தள்ளி நிற்கவேண்டும்.

கால்கள் தோள் அகலத்துக்கு விரியட்டும், ஒன்று சற்று முன்னே. உடல் எடை முன்பாதத்தில். பெரிய துப்பாக்கியைக் கண்ட பயத்தில் எல்லோரும் இயல்பாகப் பின்னே சாய்வார்கள். அந்தச் சாய்வில் சுட்டால் ஓரடி பின்வாங்க நேரும், சிலர் விழுவதும் உண்டு. முழங்கைகள் முற்றிலும் நீட்டிப் பூட்டப்பட்டால் உதை முழுவதும் தோளுக்குப் போகும். மிக மடிந்தால் துப்பாக்கி முகத்துக்கு வரும். நேராக நீட்டி, பூட்டை மட்டும் தளர்த்திய நிலைதான் சரி. துப்பாக்கி மேலே எழுவதைத் தடுக்க முயலவேண்டாம். கைகள் முழுதாக மேலே போய்த் தானே இறங்கட்டும். பிடி மட்டும் தளரக் கூடாது.

விசைக்கு வருவோம். டபுள் ஆக்‌ஷனில் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தம் தேவை, பயணமும் நீளம். புதியவர் அந்த இழுப்பில் குறியை நகர்த்திவிடுவார். சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திச் சுட்டால் ஒன்றரை, இரண்டு கிலோ போதும். முதல் நாளுக்கு இதுவே நல்லது. ஆனால் இந்த நிலையில் விசை மிக லேசாகிவிடுகிறது. குறியில் துப்பாக்கி நிலைத்த பிறகுதான் விரல் விசைக் காப்புக்குள் போகவேண்டும். சுத்தியலை இழுத்து நிறுத்தியபின் மனம் மாறினால், அதைத் தானே இறக்க முயலாமல், குழலை இலக்குத் திசையிலேயே வைத்துக்கொண்டு பயிற்றுநரை அழைப்பது நல்லது. வழுக்கும் கட்டைவிரலால் சுத்தியலை இறக்கப்போய்ச் சுட்டுவிட்டவர்கள் உண்டு.

இனி, பெரிய துப்பாக்கியால் உண்டாகும் நீண்டகாலக் கேடு. உடம்பில் அல்ல, பழக்கத்தில். தீபாவளிக்கு அணுகுண்டு வெடியின் திரியில் நெருப்பு வைத்தவன் வெடிக்கும் முன்பே முகத்தைச் சுளித்துத் திரும்புகிறானே, அதுதான் இங்கும் நடக்கிறது. இரண்டு மூன்று தோட்டாவுக்குப் பிறகு, விசை விடுபடுவதற்கு ஒரு கணம் முன்பே கை குழலைக் கீழே அழுத்துகிறது, கண் மூடிக்கொள்கிறது. வலக்கைக்காரர் சுட்ட குண்டு இலக்கின் கீழ் இடப்பக்கம் போய் விழும். சுடுபவர் குறி சரியில்லை என்று துப்பாக்கியைக் குறை சொல்வார். உண்மையைக் காட்ட ஒரு வழி உண்டு. ரிவால்வரில் மூன்று தோட்டாவும் இரண்டு காலி உறையும் (சுட்டபின் மிஞ்சும் தோட்டாவின் கூடு) கலந்து போட்டு, எந்த அறையில் எது என்று தெரியாதபடி வேறொருவர் சிலிண்டரை மூடிக் கொடுக்கவேண்டும். காலி உறை வரும்போது குழல் துள்ளிக் கீழே பாய்வதை எல்லோரும் பார்க்கலாம். பார்த்தபின் மருந்து ஒன்றுதான்: பெரியதை வைத்துவிட்டு .22-க்குத் திரும்பி, துள்ளல் போகும்வரை சுடுவது. பிடிவாதமாக மேக்னத்திலேயே சுட்டுப் பழகிவிடலாம் என்று நினைப்பவர் துள்ளலைத்தான் பழகுகிறார்.

ஆகவே ஏணியாக ஏறவேண்டும். .22 ரிவால்வரில் ஐம்பது தோட்டா. பிறகு .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டா. பிறகு .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல், 1907-08 காலத்துத் தோட்டா, குண்டு ஏறத்தாழ அதே எடை, வேகம் பாதிக்குச் சற்று மேல், உதை மிக மென்மை. ஸ்பெஷலின் உறை 29.5 மி.மீ., மேக்னத்தின் உறை 32.6 மி.மீ. குட்டையானது நீளமான அறையில் பொருந்தும், நீளமானது குட்டை அறையில் பொருந்தாது, அதற்காகவே நீட்டினார்கள். இதில் ஒரு சின்னச் சிக்கல். குட்டை உறையை நிறையச் சுட்டால் அறைக்குள் அதன் வாய் முடியும் இடத்தில் கரி வளையம் படியும். துடைக்காமல் மேக்னம் தோட்டாவைப் போட்டால் அது முழுதாக உள்ளே இறங்காது. இறங்கிச் சுட்டாலும் உறை அறையில் ஒட்டிக்கொள்ளும். அறைக்கான பித்தளைத் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த படி. மேக்னத்தில் முதல் நாள் ஆறு தோட்டா, மிஞ்சினால் பன்னிரண்டு. உள்ளங்கையில் கட்டைவிரல் மூட்டு விண்விண் என்று தெறிக்கத் தொடங்கினால் எண்ணிக்கையைப் பார்க்காமல் நிறுத்திவிடலாம்.

காதைப் பற்றி அலட்சியம் அதிகம். திடீர் ஒலிக்கு 140 டெசிபல்தான் எல்லை; பெரிய மேக்னம் கைத்துப்பாக்கிகள் 160-ஐத் தாண்டும். மூடிய கூடத்தில் சுவர்கள் அதைத் திருப்பியடிக்கும். நுரைப் பஞ்சு அடைப்பானை மெல்லிய குச்சியாக உருட்டி, காதைப் பின்னும் மேலும் இழுத்துப் பிடித்து உள்ளே செருகி, விரிந்து நிறையும்வரை அழுத்திப் பிடிக்கவேண்டும். அதன்மேல் காதுக்கவசம். இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை, ஒன்றைவிடச் சுமார் 5 டெசிபல்தான் கூடும். ஆனாலும் அந்த ஐந்து வேண்டும். குழல் நுனியில் உதையைக் குறைக்கும் துளைகள் உள்ள துப்பாக்கி, ஒலியையும் வாயுவையும் பக்கத்துத் தடத்தில் நிற்பவர்மேல் தள்ளும். அவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்வது மரியாதை.

கோளாறுகளில் மூன்றை மட்டும் அறிந்திருந்தால் போதும். 'புஸ்' என்று சத்தம் வந்து உதையே இல்லை என்றால் மருந்து சரியாக எரியவில்லை, குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். நிறுத்துங்கள். விசை இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், தாமதித்து வெடிக்க வாய்ப்பு உண்டு. முப்பது நொடியாவது குழலை இலக்குத் திசையிலேயே வைத்திருங்கள்; ரிவால்வர்தானே என்று அடுத்த அறைக்குப் போகாதீர்கள். மூன்றாவது, எடை குறைந்த மேக்னங்களுக்கே உரியது. துப்பாக்கி பின்னே பாயும்போது, இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து மெல்ல முன்னே நகர்ந்து, சிலிண்டரின் முகப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுற்றவிடாமல் தடுக்கும். உறையின் வாய் குண்டை இறுகப் பற்றாத மலிவுத் தோட்டாக்களில் இது அதிகம்.

காலி உறைகளை வெளியேற்றும்போது குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, தள்ளுகோலை ஒரே அடியாக உள்ளங்கையால் தட்டவேண்டும். மெதுவாக அழுத்தினால் எரியாத மருந்துத் துகள்கள் நட்சத்திர வடிவத் தள்ளுதட்டின் அடியில் போய் உட்காரும். பிறகு சிலிண்டர் மூடாது, துப்பாக்கி பழுது என்று சண்டை வரும். ஒரு பழைய பல்துலக்கி அந்தச் சண்டையைத் தீர்த்துவிடும்.

டெசர்ட் ஈகிள் வேறு சாதி. வாயுவால் இயங்குவது, எடையும் அந்த அமைப்பும் சேர்ந்து உதையைக் கொஞ்சம் இழுத்து நீட்டித் தருவதால் .500-ஐவிடச் சுட எளிது. ஆனால் மணிக்கட்டு தளர்ந்திருந்தால் காலி உறையைத் துப்பாமல் இடுக்கிக்கொள்ளும். மேகசினின் அடிப்பாகத்தைக் கையால் தாங்கினாலும் தோட்டா ஏறாது. காலி உறைகள் சில சமயம் நேரே நெற்றிக்கு வரும். முன்விளிம்புள்ள தொப்பி, பாதுகாப்புக் கண்ணாடி, கழுத்து மூடிய சட்டை மூன்றும் இதற்காகத்தான். கழுத்துக்குள் சூடான உறை விழுந்தால் மனிதர் துப்பாக்கியோடு சுற்றித் திரும்புவார். அது உறையைவிடப் பல மடங்கு ஆபத்து.

சுட்டு முடித்தபின் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவாமல் எதையும் தின்னவேண்டாம், கையில் படிந்த ஈயம் வயிற்றுக்குள் போகும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உள்கூடத்துக்கு வராமல் இருப்பதே சரி.

கடைசியாகச் சட்டம். நம்மவர்கள் இதை அறவே கவனிப்பதில்லை. அமெரிக்காவின் மத்தியத் துப்பாக்கிச் சட்டத்தில் 1998-ல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. சுற்றுலா பி-2, மாணவர் எஃப்-1, வேலை எச்-1பி எல்லாம் இதில் அடக்கம். சுடுதளத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பதும் வைத்திருத்தலே. விதிவிலக்குகள் சில உண்டு. நடைமுறையில் பயன்படுவது, ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. சுடுதளத்தில் யாரும் விசாவைக் கேட்கவில்லை என்பதால் குற்றம் குற்றமல்லாமல் போகாது. 2022 முதல் இதற்கான அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் அதுவே காரணமாகும். விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள், கையில் .500-உடன் எடுத்த படத்தைத் தேதியோடு முகநூலில் போடுவதைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

நினைவுக்கென்று தோட்டாவைப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுவரவும் வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். பையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்காகவும் சென்னை விமான நிலையத்தில் வழக்கு வரலாம். சிங்கப்பூர், மலேசியா வழியாக வருகிறவர்களுக்கு அங்குள்ள சட்டங்கள் இன்னும் கடுமை. சுடுதளத்துக்குப் போட்டுச்சென்ற சட்டைப்பையையும் முதுகுப்பையின் அடியையும் பெட்டி கட்டும் முன் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இனி இத்தகைய பயண அனுபவங்களை வெளியிடும்போது, விசாவும் வேட்டை உரிமமும் பற்றிய இரண்டு வரியையாவது பெட்டிச் செய்தியாகச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடுதல் பயிற்றுநர் ஒருவர்,
ஃபீனிக்ஸ், அரிசோனா.